முக்காக் கிலோ புண்ணியம்

வாங்க மாப்ள. எறங்குங்க. ஸ்டாண்டு போட எடம் தேடாதீக, உங்க வண்டியிலதான் ஸ்டாண்டே கெடையாதே. அந்தா, வேப்பமரத்துல சாத்துங்க. பாப்பாவ எங்கிட்டக் குடுங்க. வாத்தா தங்கம். தலையில என்னா இம்புட்டுப் பெரிய தொப்பி, அப்பா மாட்டி விட்டாரா? கழட்டு, நெத்தியெல்லாம் வேர்த்துக் கெடக்கு பாரு.

கேலின்னு நெனைக்காதீக மாப்ள. எங்க அண்ணன் மகளக் கட்டுனவக நீங்க. உங்களக் கேலி பண்ணிட்டு அந்த வீட்டுல நான் கை நனைக்க முடியுமா? ஆனா வாழ்நாள் பூராம் சைக்கிளுக்குக் கோட்டம் எடுத்த கையி இது. கண்ணு முன்னால ஒரு வண்டி வந்து நின்னா சும்மா இருக்க மாட்டேங்குது. இத எம்புட்டுக்கு வாங்குனீக? வேணாம், சொல்லாதீக, ராத்திரி தூக்கம் வராது. மட்கார்டு இல்ல. கேரியர் இல்ல. செயின் கவர் இல்ல. பெல்லு இல்ல. டைனமோ இல்ல. எங்க காலத்துல இப்படி ஒரு வண்டிய உருட்டிக்கிட்டு ஒருத்தன் கடைக்கு வந்தா, "யாரு வீட்டு வண்டிடா, மிச்சத்த எங்க வித்த"ன்னுதான் கேப்போம். இப்ப அத்தனையையும் அவனே கழட்டி வச்சுக்கிட்டு நாலு மடங்கு வெல சொல்றான். வித்தவன் கெட்டிக்காரன். வாங்குனவுகளப் பத்தி நான் என்ன சொல்ல. டீ ஆறுது, குடிங்க.

ஊருல என்ன பேச்சுன்னு தெரியுமா? "அந்த வீட்டு மருமகன் சைக்கிள்ல போறாராம்ல, சம்பளத்த நிறுத்திட்டாகளா, வண்டிய சேட்டு தூக்கிட்டுப் போயிட்டானா"ன்னு கேட்டாக. நான்தான், "இல்லப்பா, அவரு பூமியக் காப்பாத்துறாரு"ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவுக முந்திக்கு இப்ப ரொம்பக் கவலப்படுறாக.

அவுக மேல தப்புச் சொல்ல முடியாது. இந்த அனுமந்தன்பட்டியில சைக்கிள் மிதிச்சவன் எவன் பூமிக்காக மிதிச்சான்? பால் கேனக் கட்டி மிதிச்சான், வாழத்தாரக் கட்டி மிதிச்சான், பொண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தா அவளப் பின்னால உக்கார வச்சு உத்தமபாளையம் வரைக்கும் மிதிச்சான். வேற வழியில்ல, மிதிச்சான். 1980ல டி.வி.எஸ். 50 வந்துச்சு. எவனுக்குக் கையில நாலு காசு வந்துச்சோ, அவன் அன்னைக்கே சைக்கிளத் திண்ணையில சாத்திட்டு அதுல ஏறிட்டான். அப்படித் தப்பிச்சு வந்த சனத்துக்கு முன்னாடி, நீங்க கோயமுத்தூர்ல இருந்து மாத்தலாகி வந்து, ஆசையாசையா மிதிச்சுக்கிட்டுப் போறீக. பாக்குறவனுக்கு வயிறு கலக்காதா?

அது கெடக்கட்டும். உங்க கணக்கு நோட்டுக்கு வருவோம். டீக்கடையில செல்ல நீட்டி, "இன்னைக்கு இத்தன கிராம் புகை மிச்சம் மாமா"ன்னு காமிச்சீகள்ல, அன்னையில இருந்து எனக்கும் அந்தக் கிறுக்குப் புடிச்சுக்கிச்சு. பேரனக் கூப்புட்டு உக்கார வச்சுக் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடாம். இங்கிருந்து கம்பத்துல இருக்கிற உங்க ஆபீசுக்குப் போக வர 15 கிலோமீட்டர்னு வைங்க. பைக்கு லிட்டருக்கு 50 குடுத்தா, 300 மில்லி பெட்ரோலு. புகை 690 கிராம். முக்காக் கிலோன்னே வைப்போம், மாப்ளக்கிட்ட நிறுவையில கறாரா இருக்கக் கூடாது.

இப்ப உங்க வீட்டு மாடிக்கு வாங்க. ஒன்றரை டன்னு ஏசி. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடுனா ஒரு எட்டு யூனிட்டுன்னு வைங்க. நம்ம நாட்டுல கரண்டு பெரும்பாலும் நிலக்கரியில வருது, அதனால ஒரு யூனிட்டுக்கு ஏறக்கொறய 0.7 கிலோ புகை. ஆக ராத்திரிக்கு அஞ்சரைக் கிலோ. எட்டு நாள் மூச்சு வாங்க மிதிச்ச புண்ணியம் ஒரே ராத்திரியில குளுந்து போச்சு மாப்ள!

ஏசிய நிறுத்துங்கன்னு சொல்லல. சித்திர வெயிலுல புள்ள தூங்க வேணாமா. அந்த நோட்ட மூடுங்கங்குறேன். ஏன்னா அந்த நோட்டுல உங்க வரவு மட்டுந்தான் இருக்கு. எங்க அண்ணன் மக, உங்க சம்சாரம், தெனம் டவுன் பஸ்ஸுலதான போறா? 2021ல இருந்து பொம்பளையாளுகளுக்குச் சாதா டவுன் பஸ்ஸுல டிக்கெட்டே இல்ல. அம்பது அறுபது பேரோட நெருக்கியடிச்சு நின்னுக்கிட்டுப் போறா. அவ பங்குக்கு எம்புட்டுப் புகை வரும்னு என்னைக்காச்சும் போட்டுப் பாத்தீகளா? விடியக்காலம் இந்த ரோட்டுல ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்பப் பாத்திருப்பீக. ஒரு ஜீப்புல பன்னெண்டு பதினஞ்சு பொம்பளையாளுக, மடியில தூக்குச்சட்டி, கால நீட்ட எடமிருக்காது. பெங்களூருல நாலு பேரு ஒரு கார்ல போனாப் பேப்பர்ல போட்டோ வருது. இவுகளுக்கு யாரு போட்டோ எடுத்தா?

ஆனா அந்த ஜீப்பு வர்ற நேரத்துக்கு நீங்க ரோட்டுல இருக்கக் கூடாது மாப்ள. இது வெளையாட்டுப் பேச்சு இல்ல. சாயங்காலம் கம்பமெட்டுல இருந்தும் குமுளியில இருந்தும் அதுக எறங்குற வேகம் உங்களுக்கே தெரியும். ரெண்டு நடை அடிச்சாத்தான் டிரைவருக்குக் கட்டும். ஆபீஸ் விட்டதும் கம்பத்துல ஒரு டீயக் குடிச்சு, ஒரு வடையத் தின்னு, அதுகள முன்னால விட்டுட்டுக் கெளம்புங்க. கார்த்திக ஒண்ணுல இருந்து மகரசோதி வரைக்கும் இன்னும் மோசம். சாமிமாருக வண்டிகள மலைக்குப் போறப்பக் கம்பமெட்டு வழியாவும், திரும்புறப்பக் குமுளி வழியாவும் ஒருவழிப் பாதையாத் திருப்பி விடுவாக. எந்த வழியாப் போனாலும் நம்ம பள்ளத்தாக்குக்குள்ளதான் வந்தாகணும். ஆந்திராவுல இருந்து ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு ஓட்டிக்கிட்டு வர்ற டிரைவருக்கு, பொலபொலன்னு விடியுறப்ப உங்க முதுகுல மினுங்குற பச்சச் சட்டையும் ஐயப்பனாத் தெரியும், பக்கத்துல இருக்கிற மரமும் ஐயப்பனாத் தெரியும்.

அப்புறம் காத்து. ஆனி ஆடியில மலையிடுக்குல புகுந்து வர்ற மேகாத்து இருக்கே, அத வச்சுத்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் கரண்டே எடுக்குறாக. அந்தக் காத்துக்கு எதிரா நீங்க காலையில கம்பத்தப் பாத்து மிதிக்கணும். வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும். அதனால ஏழு மணிக்குள்ள கெளம்பணும். சாயங்காலம் கவலையே இல்ல, அதுவே தள்ளிக் கொண்டாந்து வீட்டுல விட்டுரும். "இருபது கியரு இருக்கு மாமா"ம்பீக. காத்துக்கு உங்க கியரு எண்ணத் தெரியாது மாப்ள. ரொம்ப முடியலேன்னா அன்னைக்குப் பஸ்ஸுல போங்க, ஒண்ணும் பூமி கவுந்துறாது. எங்க அண்ணன் மகளும் ஒருநாளாச்சும் புருசன்கூடப் பஸ்ஸுல போனேன்னு சொல்லிக்கிருவா.

மெயின் ரோடு வேணாம்னு வாய்க்கா ஓரமாத் திராச்சத் தோட்டத்துக்குள்ள பூந்து போறீகளாமே. நல்ல வழிதான். நெழலு, குளுமை, 2023ல புவிசார் குறியீடு வாங்குன பன்னீர்த் திராச்ச பந்தலு பந்தலாத் தொங்கும், பாப்பாவும் ரெண்டு பறிச்சுத் திங்கும். ஆனா எலைய ஒருக்காப் பாத்துட்டு விடுங்க. நீலமும் வெள்ளையுமாப் பூத்துக் கெடந்தா, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சிருக்காகன்னு அர்த்தம். அதாச்சும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மருந்து ஏகப்பட்டது இருக்கு. அடாத மழைக்கு அப்புறம் வெயில் அடிச்சா மறுநாள் காலையில பள்ளத்தாக்கு பூராம் மோட்டார் சத்தம் கேக்கும். அன்னைக்குப் புள்ளைய அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகாதீக. "சுத்தமான காத்து வாங்கப் போனோம்"னு சொல்லிக்கிட்டுப் பூச்சி மருந்த வாங்கிட்டு வருவீக.

சரி, நான் சொல்ல வந்ததே வேற.

போன வாரம் பாப்பாவ எங்கிட்ட விட்டுட்டுக் கடைக்குப் போனீகள்ல, அப்பக் கேட்டேன். "ஏத்தா, தெனம் அப்பாகூடப் போறியே, வழியில என்னா பாப்ப"ன்னு. மயிலு பாப்பேன், தென்னந்தோப்பு பாப்பேன், மேகமலை பாப்பேன்னு சொல்லும்னு நெனச்சேன். "அப்பா முதுகு பாப்பேன் தாத்தா"ன்னுச்சு. "அப்புறம்?" "லாரி டயரு." கையத் தன் மூஞ்சிக்கு நேரா வச்சு, "இங்க வரும்"னு காமிச்சுச்சு.

நான் எந்திரிச்சுப் போயி உங்க பின்சீட்டு ஒசரத்த ஜாணால அளந்து பாத்தேன் மாப்ள. சரியாத்தான் சொல்லுது. உங்க மூக்கு புகைக் குழாய்க்கு மேல இருக்கு, அது மூக்கு குழாய்க்கு நேரா இருக்கு. நீங்க மிச்சம் புடிச்ச முக்காக் கிலோவ, பக்கத்துல ஓடுற செங்கல் லாரி அது மூஞ்சியிலயே அளந்து ஊத்திட்டுப் போறான். பள்ளிக்கூடத்துல டீச்சர் கேட்டா, "எங்கப்பா பூமியக் காப்பாத்துறாரு"ன்னு கை கட்டிக்கிட்டுச் சொல்லுதாம். சந்தோசம். பூமிக்கு வயசாச்சு, அது நம்மளயெல்லாம் பாத்துக்கிரும். புள்ளைக்கு நாலு வயசுதான் ஆச்சு.

அதுக்காக சைக்கிள விட்ருங்கங்குறேனா? அட, சைக்கிள விட்டா எங்கடைக்கு யாரு வருவா! புள்ளைய எங்க உக்கார வைக்கிறது, எந்த ரோட்டுல கூட்டிட்டுப் போறதுங்குறதுதான் பேச்சு.

எங் கொழுந்தியா ஒருத்தி புதுக்கோட்டையில கீரனூர்ப் பக்கம் வாக்கப்பட்டவ. 1991ல அங்க அறிவொளி இயக்கம்னு எழுத்துச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாக. ஷீலா ராணி சுங்கத்னு ஒரு அம்மா கலெக்டரு. அவுக சிலேட்டோட சைக்கிளயும் சேத்து விட்டுட்டாக. பொம்பளையாளு சைக்கிள்ல ஏறுனாச் சாடைப்பேச்சு பேசுன ஊருதான் அது. ஒருத்தியா ஏறியிருந்தா ஏசியே எறக்கி விட்டிருப்பாக. ஊர் ஊரா, கூட்டங்கூட்டமா ஏறுனதுல எவன் வாயும் அம்புட்டு நீளமா இல்ல. 1992 மார்ச் 8, பொம்பளையாளுக தினம், 1,500 பேரு ஹேண்டில்பார்ல கொடியக் கட்டி மணிய அடிச்சுக்கிட்டு டவுனுக்குள்ள வந்தாகளாம். பத்திரிகைக்காரர் சாய்நாத்து நேருல போயிப் பாத்து எழுதியிருக்காரு. லேடீஸ் வண்டி தட்டுப்பாடு வந்துருச்சு, ஆனா அதப் பத்தி அங்க யாரும் அழுகல. பார் வச்ச ஆம்பள வண்டியே தேவலைன்னு வாங்குனாக. ஏன் தெரியுமா? முன்னாடி பார்ல புள்ளைய உக்கார வைக்கலாம்ல! பின்னாடி கேரியர்ல தண்ணிக்கொடம், முன்னாடி புள்ள. எங் கொழுந்தியா அப்படித்தான் ரெண்டையும் வளத்தா. படிப்பு வாசனையே இல்லாத பொம்பளையாளுகளுக்குத் தெரிஞ்சது, எஞ்சினியரு டிசைன் பண்ணுன உங்க வண்டிக்குத் தெரியல.

இன்னொரு கத. பேரன் ஒருத்தன் ஹாலந்துல படிக்கிறான். அங்க மந்திரியே சைக்கிள்ல ஆபீஸ் போறாராம், அம்மாமாரு ரெண்டு மூணு புள்ளைய ஒரே வண்டியில வச்சு மிதிக்கிறாகளாம். "வெள்ளைக்காரனுக்குப் பொறவியிலயே அறிவு"ன்னேன். "அதெல்லாம் இல்ல தாத்தா"ன்னு சொன்னான். அவுகளும் ஒரு காலத்துல கார் கார்னு அலைஞ்சவுகதானாம். 1971ல மட்டும் அங்க ரோட்டுல 3,000 பேருக்கு மேல செத்திருக்காக. அதுல 400க்கு மேல பச்சப் புள்ளைக. அதுக்கப்புறந்தான் தாய் தகப்பன் ரோட்டுல வந்து உக்காந்தாக. "புள்ளைகளக் கொல்றத நிறுத்து"ன்னே இயக்கத்துக்குப் பேரு வச்சாக. 1973ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, ஞாயித்துக்கெழம கார் ஓட்டக் கூடாதுன்னு கவர்மெண்டு சொல்லுச்சாம். வெறிச்சோடிக் கெடந்த ரோட்டுல புள்ளைக வெளையாண்டத ஊரே பாத்துச்சு. அப்படிக் கேட்டுக் கேட்டு, சண்ட போட்டு வாங்குனதுதான் அந்தச் சைக்கிள் ரோடெல்லாம். அங்க எவனும் செல்லுல கிராம் கணக்கு எழுதி ரோடு வாங்கல மாப்ள.

இங்க என்னா நெலமன்னு நாளைக்கு எறங்கிப் பாருங்க. தாரு மேல தாரு ஊத்தி ஊத்தி ரோடு ஒரு சாண் ஏறிப் போச்சு, ஓரம் மட்டும் எங்கப்பன் காலத்து ஒசரத்துலயே கெடக்கு. பின்னாடி பஸ்காரன் ஆரன் அடிச்சா நீங்க அந்த விளிம்புல இருந்து எறங்கணும். முன் வீலு எறங்குனதும் ஹேண்டில் ஒரு வெட்டு வெட்டும். தனியாப் போறப்பச் சமாளிச்சுருவீக. பின்னாடி நாலு வயசுப் புள்ள தூங்கிச் சாஞ்சிருந்தா? ஊருக்கு ஊரு பைபாஸ் போட்டாக, நல்லது, லாரி கொஞ்சம் அங்கிட்டுப் போச்சு. மிச்ச ரோட்டுல என்ன பண்ண?

2001ல இருந்து கவர்மெண்டு இலவசச் சைக்கிள் குடுக்குது. மொதல்ல பட்டியலினத்துப் பொம்பளப் புள்ளைகளுக்குன்னு ஆரம்பிச்சு, அப்புறம் கவர்மெண்டுப் பள்ளிக்கூடம், உதவி வாங்குற பள்ளிக்கூடம்னு பதினொண்ணாப்பு புள்ளைக எல்லாருக்கும் வந்துருச்சு. எங்கடைக்கு இன்னும் அடுப்பு எரியுறதே அந்த வண்டிகளால. வருசா வருசம் லட்சக்கணக்குல சைக்கிளு. அத ஓட்ட ஒரு முழ அகலத்துல ரோடு குடுக்கணும்னு எந்தக் கட்சிக்காரனுக்கும் தோணல. பன்னெண்டாப்பு முடிஞ்சதும் அந்தப் புள்ளைக சைக்கிள எங்கிட்டயே பாதி வெலைக்குப் போட்டுட்டு ஸ்கூட்டி கேட்டு வீட்டுல அழுகுதுக. நான் வாங்கி வச்சுக்கிருவேன், அது வியாபாரம்.

அதனால சொல்றேன். கிராம் எழுதுற அந்தக் கையால ஒரு மனு எழுதுங்க. தேனியில கலெக்டர் ஆபீசுல திங்கக்கெழம திங்கக்கெழம குறைதீர் கூட்டம் நடக்குது. ரோட்டு விளிம்ப மண்ணடிச்சுச் சமமாக்கு, பள்ளிக்கூடம் இருக்கிற எடத்துல வேகத்தடை போடு, காலையில எட்டுல இருந்து ஒம்பது மணி வரைக்கும் செங்கல் லாரிய நிறுத்து. மூணே மூணு கேளுங்க. நாலாவதாத் திண்டுக்கல் – குமுளி ரயிலக் கேட்டுப்புடாதீக. அதக் கேட்டுக் கேட்டே எங்க தலைமுறைக்குப் பல்லு விழுந்துருச்சு, அந்த மனுவுக்குள்ள உங்க மனுவும் மாட்டிக்கிரும்.

தனியாவும் போகாதீக. நீங்க ஆபீசரு, இங்கிலீசு தெரிஞ்சவுக, "சார் உக்காருங்க"ம்பாக, மனுவ வாங்கி மேல ஒரு சீலு குத்தி அனுப்புவாக. ரோடு டெல்லிக்காரனுக்குச் சொந்தம், அங்க அனுப்பியிருக்கோம்னு பதிலு வரும். நீங்களும் அத மடிச்சுப் பீரோவுல வச்சுக்கிட்டுக் கடமை முடிஞ்சதுன்னு இருப்பீக. பதினொண்ணாப்புப் புள்ளைகள அவுக தாய் தகப்பனோட கூட்டிட்டுப் போங்க, பால்காரனுகளச் சேத்துக்கங்க, ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளையாளுகள்ல ரெண்டு பேரக் கூப்புடுங்க. அவுக போடுற சத்தத்துக்குக் கலெக்டரே எறங்கி வருவாரு. எல்லாரும் சைக்கிளோட கேட்டு முன்னாடி நின்னு ஒரே நேரத்துல மணி அடிக்கணும். இப்ப வர்ற வண்டிக எதுலயும் உருப்படியான பெல்லு இல்ல. அதுக்கு நீங்க அலைய வேணாம், எங்கிட்டப் பழைய பித்தளப் பெல்லு ஒரு பெட்டி கெடக்கு. ஒண்ணு நூத்தியிருவது, மொத்தமா எடுத்தா நூறு.

நானா? நான் வர முடியாது மாப்ள, முட்டி வலி. பின்னாடி இருந்து தூண்டி விடுறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல.

அதுவரைக்கும் பாப்பாவுக்கு ஒரு வழி பண்ணுவோம். இந்தா பாருங்க, பார் சீட்டு. அந்தக் காலத்து இரும்பு, மேல ரெக்சினு மட்டும் நான் புதுசாத் தச்சேன். ரெண்டு கிளாம்பு, பார்ல மாட்டி முறுக்குனா அசையாது. கீழ கால் வைக்க ரெண்டு பக்கமும் கம்பி. கால் தொங்குனா முன் வீலு ஸ்போக்ஸுக்குள்ள போயிரும். குதிகால் சதை கிழிஞ்சு எத்தன புள்ளைகளத் தூக்கிக்கிட்டு இந்தக் கடை வாசல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காக. பின் வீலுக்கும் வலை கட்டிரணும், பாப்பாவோட பாவாட மாட்டாம இருக்கும். முன்னால உக்காந்தா உங்க ரெண்டு கைக்கு நடுவுல இருக்கும், ரோடு தெரியும், மலை தெரியும், உங்ககிட்ட வாய் ஓயாமப் பேசிக்கிட்டு வரும். லாரிக்காரனும் முன்னாடி புள்ளையப் பாத்தா ஒரு கெஜம் ஒதுங்குறான், அது நான் பாத்தது.

என்னாது, உங்க வண்டியில மாட்டுமான்னு கேக்குறீகளா? எப்படி மாட்டும், பாரு சரிஞ்சுல்ல கெடக்கு, புள்ள வழுக்கி உங்க மடியில வந்து விழும். அதுக்குத்தான் உள்ள ஒண்ணு நிக்குது. அம்பத்தூர்ல செஞ்ச ஹெர்குலிஸ், கருப்பு, இருபத்திரெண்டு இஞ்சு. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, டைனமோ, எல்லாம் இருக்கு. கப்பிக்குள்ள புதுக் குண்டு போட்டுக் கிரீஸ் வச்சு நேத்துத்தான் முடிச்சேன். நீங்க வருவீகன்னா? அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மாதான் செஞ்சு வச்சேன். உங்க வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க, பத்தாப்பு படிக்கிற பேரன் அப்பப்ப ஒரு சுத்து ஓட்டி, டயரு வெறைக்காமப் பாத்துக்கிருவான்.

வெலையா? மாப்ளகிட்ட வெலை பேசுறதா, நல்லாருக்கே. ஹெர்குலிஸ ஒரு மாசம் சும்மா மிதிங்க. சீட்டு மட்டும் ஆயிரத்தி எரநூறு. ஏன் முழிக்கிறீக, உங்க பின்சீட்டு, அந்தப் பிளாஸ்டிக் நாக்காலி, அதப் போல மூணு மடங்கு. ஆயிரம்னு வைங்க. அங்க பாருங்க, பாப்பா அதுல ஏறி உக்காந்து பெல்லடிக்க ஆரம்பிச்சிருச்சு, இனி எறங்கும்? துட்டச் செல்லுலயே அனுப்பி விடுங்க, செவத்துல அட்ட ஒட்டியிருக்கு. பின் வீலு வலைக்கு நூத்தம்பது தனி.